ஐஸ் படாத மீன்

போன வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. பிளேன் டீயோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்ற அம்மா, மூன்று வாரமாக நான் செதுக்கிய சுற்றுலாத் திட்டத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

"எடியே, மத்தியானம் 'அப்பதான் பிடிச்ச மீன்' எண்டு போட்டிருக்கிறாய். இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? வெள்ளிக்கிழமை எந்தக் கடலில போய் எடுக்கப் போறாய்?"

நான் திருகோணமலை லிங்கநகரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கடல் சைக்கிள் தூரம். ஆனாலும் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. வாங்காத நாளில் கடலில் என்ன நடக்கிறது என்று யார்தான் யோசித்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

தலவாக்கலையில் இருந்து ரேணுகா என்ற வாசகி எழுதியிருந்தார். 'நீங்கள் ஓயாமல் திருகோணமலையைப் புகழ்கிறீர்கள். நம்பி வருகிறோம். ஒரே ஒரு பகல்தான். கையில் அதிகம் இல்லை. எனக்கு வெள்ளிக்கிழமையில் கோணேசர் கோயில். என் வீட்டுக்காரருக்கு ஐஸ் படாத ஒரு மீன். வேறு எதுவும் வேண்டாம்.'

வீட்டுக்காரர் சிவகுமார் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாகத் தினமும் மீன் பொரிக்கிறார். அது கரையிலிருந்து பெட்டியில், ஐஸுக்குள் படுத்து, லொறியில் மலையேறி வருகிற மீன். அவர் கடையில் ஒரு வருடம் சாப்பிட்ட திருகோணமலைப் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவர், ஒவ்வொரு நாளும் தட்டை வழித்துவிட்டு ஒரே வசனம் சொல்வாராம்: 'நல்லாத்தான் இருக்கு... ஆனா இது மீன் இல்லை.'

அந்த மனிதர் மாற்றலாகிப் போய்விட்டார். வசனம் மட்டும் போகவில்லை. சிவகுமார் மசாலாவை மாற்றிப் பார்த்தார், எண்ணெயை மாற்றிப் பார்த்தார். கடைசியில் இங்கே வருவதற்காகக் கடையையே ஒரு நாள் பூட்டிவிட்டார் — பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக. சனிக்கிழமை காலை திறந்தே ஆக வேண்டும். அன்றுதான் தோட்டத்துச் சனம் டவுனுக்கு வரும். பூட்டிய கதவைக் கண்டால் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

ஒருவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஒரு கேள்வியோடு என் ஊருக்கு வருகிறார்... எனக்கு எப்படி இருந்திருக்கும்! எக்ஸெல் ஷீட் போட்டேன். கோயிலுக்குப் பச்சை, கடலுக்கு நீலம், சாப்பாட்டுக்கு மஞ்சள். முதலாம் மணி, இரண்டாம் மணி என்றுதான் போட்டேனே தவிர, கிழமையை எங்குமே எழுதவில்லை.

சரி. இருவரும் வந்து பயணப் பையை எங்கள் வீட்டில் இறக்கிவைத்தார்கள். கோயில் பிரச்சினையில்லாமல் முடிந்தது. ரேணுகா கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். சிவகுமார் கோயில் பாறை விளிம்பில் நின்று, கீழே தெரிந்த கடலைப் பார்த்தபடியே, "எவ்வளவு தண்ணி... ஒரு மீனு கெடைக்காதா?" என்றார்.

நேராக மீன் சந்தைக்குப் போனோம். நான்கைந்து பேர்தான் கடை போட்டிருந்தார்கள். சிவகுமார் ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், விரலால் அமுக்கினார், மூக்கருகே கொண்டு போனார்.

"தங்கச்சி, இது முந்தாநேத்து மீனு. இதத்தான் நான் தெனமும் பாக்குறேனே!"

விற்றவர் கோபிக்கவில்லை. "அண்ணை, வெள்ளிக்கிழமை வந்து செவுள் பாக்கிறீங்களே" என்று சிரித்தார்.

நகரில் வழக்கமான கடைகளில் அன்று சைவம். உப்புவெளியில் வெளிநாட்டுக்காரர் சாப்பிடும் ஒரு ஹோட்டலில் மெனுவைப் புரட்டினோம். விலையைக் கண்டு ரேணுகா அதை மெதுவாக மூடி வைத்தார். சிவகுமார் அதற்கும் முன்பே குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "பிரெஷ்னு சொல்லிட்டு ஃப்ரீசரத் தொறக்கிறாருங்க."

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'உங்க ஊர்ல குறைஞ்ச செலவுல எங்க நல்லாச் சாப்பிடலாம்?' என்று யார் கேட்டாலும் எங்களுக்குத் தெரியாது. நல்ல சாப்பாடு எங்கே? வீட்டில்! சொந்த ஊரில் யார் வெளியே சாப்பிடுகிறார்கள்? வீடோ... வெள்ளிக்கிழமை. "எங்கட குசினிக்குள்ள இண்டைக்கு மீன் சட்டி ஏறாது" என்று அம்மா காலையிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் ஷீட்டில் ஒரு நீலப் பெட்டி மிச்சமிருந்தது. மூதூர் லாஞ்சி — குடாவைக் கடந்து அக்கரைக்குப் போகும் படகு.

துறைமுகத்தைச் சுற்றிக் காட்டத் தனிப் படகு பிடித்தால் கை சுடும். அதே தண்ணீரில், அதே கப்பல்களுக்கு நடுவில், மூதூருக்குப் போய்வரும் பயணிகள் லாஞ்சிக்குச் சில்லறைக் காசு போதும். பாலங்கள் வந்தபின் அதில் கூட்டமும் குறைவு. உள்ளூர்வாசிகள் தூங்கிக்கொண்டு போகும் பயணம் அது. அன்று ஒரு பக்கம் ரேணுகா வாயைப் பிளந்து கப்பல்களை எண்ண, மறுபக்கம் சிவகுமார் தண்ணீருக்குள் குனிந்து எதையோ தேட, நானும் முதல் தடவையாக அந்தக் குடாவை ஒழுங்காகப் பார்த்தேன். எவ்வளவு பெரியது!

எதிரே வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். ரஹீம் நானா. திருகோணமலையில் தையல்கடை, வெள்ளிக்கிழமை அரை நாளோடு மூதூர் வீட்டுக்குப் போகிறவர்.

"தம்பி என்னத்தயும் போட்டுட்டாரா கடலுக்க?"

நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மகள், ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி எங்கட ஆக்கள் கடலுக்கு எறங்கறல்ல. நீங்க வெள்ளியில மீன் வாங்கறல்ல. பொறகு எப்பிடி மீன் வரும்?"

எனக்கு உடனே ஒரு சந்தேகம். "நீங்கள் பிடிக்காததாலயோ நாங்கள் வாங்கிறேல்ல, நாங்கள் வாங்காததாலயோ நீங்கள் பிடிக்கிறேல்ல? எது முதல்?"

"அத நான் எங்க கண்டன்? நான் டெய்லர்."

பிறகு சிவகுமாரைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட மச்சான் தொழுதுட்டு ரெண்டு மணிக்கு வள்ளம் தள்ளுவான். அஞ்சுக்குள்ள கரைக்கு வந்துருவான். இரிக்க ஏலுமெண்டா இரிங்க."

நான் மனதில் கணக்குப் பார்த்தேன். கடைசி லாஞ்சி நான்கு மணி. இவர்களை மலைப்பக்கம் கொண்டுபோகும் கண்டி பஸ் ஏழு மணி, திருகோணமலையில் இருந்து. லாஞ்சியை விட்டால் கிண்ணியா வழியாகத் தரைப் பாதை. மூதூர் பஸ் எப்போது வரும், எங்கெல்லாம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்டி பஸ்ஸும் போனால் சனிக்கிழமைக் கடை போனது.

மூதூர் இறங்குதுறையில் காத்திருந்தோம். நான்கு மணிக்கு லாஞ்சி ஹோர்ன் அடித்தது. கடலில் வள்ளத்தைக் காணவில்லை.

"என்னங்க, போயிரலாமா?" என்றார் ரேணுகா.

சிவகுமார் இறங்குதுறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போய்க் கடையத் தொறந்து திரும்ப அதே மீனப் பொரிக்கணும். அந்த ஆளு சொன்னது நெசமா பொய்யானு தெரியாம எத்தன வருஷம் பொரிக்கிறது?"

"நாளைக்கு எதிர்க்கடைக்காரன் சந்தோஷப்படுவான்."

"படட்டும்."

லாஞ்சி போய்விட்டது. என் பத்தியை நம்பி வந்தவர்கள்!

நாலே முக்காலுக்கு வள்ளம் வந்தது. ரஹீம் நானாவின் மச்சான் கையை விரித்துக்கொண்டுதான் இறங்கினார். பெரிதாக ஒன்றும் படவில்லை. வலையில் உள்ளங்கை அகலத்தில் எட்டு ஓரா மீன்கள். இரண்டு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. சிவகுமார் ஒன்றைத் தொட்டார். அது வாலால் அவர் கையில் அடித்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார் — பன்னிரண்டு வருடம் மீன் வெட்டிய மனிதர்!

"உயிரோட இருக்குங்க..."

ரஹீம் நானாவின் வீடு கரைக்குப் பக்கத்தில்தான். அவர் மனைவி விருந்தாளியைக் குசினிக்குள் விட மறுத்தார். "நீங்க இரிங்க தம்பி, நான் பொரிச்சுத் தாறன்."

"இல்லைங்கக்கா, இத நான்தான் பண்ணணும்."

சிவகுமார் தோள்பையிலிருந்து தன் கடை மசாலாப் பொட்டலத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டார். உப்பும் மஞ்சளும் மட்டும் கேட்டார்.

எல்லோரும் சுற்றி நின்றோம். ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய்.

"என்னங்க, சொல்லுங்களேன்!" என்றார் ரேணுகா. அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம். பார்க்க மட்டும்தான் முடியும்.

"இதுல மீன் வாசமே இல்லையே" என்றார் சிவகுமார், ஏதோ குறை சொல்வதுபோல.

மச்சான் சிரித்துவிட்டார். "தம்பி, மீனுக்கு ஏது மீன் வாசம்? அது செத்துக் கிடந்தாத்தான் வரும்."

சிவகுமார் அந்த மீனை முள் மட்டும் மிஞ்சும்வரை மெதுவாகத் தின்றார். பிறகு, "அந்த ஆளு சொன்னது நெசந்தாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் சந்தோஷமா, கவலையா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

நான் சாப்பிட்டேனா? அம்மா இந்தப் பத்தியை வாசிப்பார். அடுத்த கேள்வி.

மூதூர் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதே இருட்டிவிட்டது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கண்டி பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி, கையில் இவர்களுடைய பயணப் பையோடு அம்மா.

"நோனா, பஸ் போக வேணும்!" என்று கொன்டக்டர் கெஞ்சினார்.

"போகலாம் தம்பி, போகலாம். தலவாக்கலையில இருந்து வந்த சனம். விட்டிட்டுப் போவியளோ? ... வாங்கோ, வாங்கோ, ஏறுங்கோ! மீன் கிடைச்சதோ?"

"கெடைச்சிச்சிம்மா!" — சிவகுமாரின் குரல் பஸ்ஸுக்குள் இருந்து வந்தது.

குறைந்த செலவில் எங்கள் தீவைப் பார்ப்பது எப்படி என்று நிறையப் பேர் எழுதிக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: பத்து ஆசையோடு வராதீர்கள். ஒன்றோடு வாருங்கள். அதற்காக மற்ற ஒன்பதையும் லாஞ்சியோடு போகவிடத் தயாராக வாருங்கள்.

நேற்று ரேணுகாவிடமிருந்து மெசேஜ்:

'சனிக்கிழமை கடையை நேரத்துக்குத் திறந்துவிட்டோம். ஆனால் இப்போது யாராவது "மீன் பிரெஷா?" என்று கேட்டால், "இல்லைங்க, ஐஸ் மீனு" என்று சொல்லித் தொலைக்கிறார். ஆச்சரியம் என்னவென்றால், சனம் சிரித்துவிட்டுச் சாப்பிடுகிறது. ருசி எப்படி இருந்தது என்று நான் கேட்டால் மட்டும், "சொல்லத் தெரியலடி" என்கிறார். ஐந்து நாளாக இதே பதில். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வருகிறேன். கடையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.'