தலைவர் பம்பையைத் தொட்ட பிறகு

டெல்லியிலிருந்து என் கணவருக்கு வந்த கடிதத்தை அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தவள் நான். மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தை இருபது வருடங்களுக்கு மேலாக நான்தான் பார்த்துவருகிறேன். தனிக் கட்டடமெல்லாம் இல்லை, எங்கள் வீட்டின் முன்னறைதான் அஞ்சலகம். ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரை, சுவரில் சேமிப்புத் திட்ட அட்டை. அன்று காலை பஸ்ஸில் வந்த தபால் பையில் அவர் பெயருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் இருந்தது. பின்பக்கம் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"உங்களுக்குத்தாங்க. கையெழுத்துப் போடுங்க."

சிரித்துக்கொண்டே என் அஞ்சலகப் போனில் விரலால் கிறுக்கினார்.

அவர் பம்பைக்காரர். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு மேளங்களைச் சேர்த்துக் கட்டி, தோள் வாரில் இடுப்போடு மாட்டி, இரண்டு குச்சிகளால் அடிப்பார். பக்கத்தில் நின்று ஒருவர் கைச்சிலம்பை ஆட்டிக்கொண்டே பாடுவார். அம்மன் கோயில்களில் சாமியை வரவழைக்க இவர்கள்தான் வேண்டும். மாசி, பங்குனி, சித்திரை, பிறகு ஆடி. அந்த மாதங்களில் அவர் வீட்டில் தங்க மாட்டார். ஐப்பசி முதல் தை வரை எங்கேயும் போக மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் வருடம் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. குளிர்கால மாதங்கள் எனக்கு.

கடிதம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆங்கிலத்தை நான் படித்துச் சொன்னேன். நாட்டின் தலைவரே டெல்லியில் நாட்டுப்புறக் கலைஞர்களைக் கூட்டி மரியாதை செய்யப்போகிறார், நீங்கள் வர வேண்டும், உங்களுடன் ஒருவரை அழைத்துவரலாம் என்று எழுதியிருந்தது. 'உங்களுடன் ஒருவர்' என்ற இடத்தை நான் மனதுக்குள் இன்னொரு முறை படித்துக்கொண்டேன். எனக்கு லீவு வேண்டுமென்றால் பதிலாளை நானேதான் பிடிக்க வேண்டும். நல்லம்பள்ளியில் இருக்கும் என் தங்கையைக் கேட்கலாம். டெல்லியில் குளிருமே, ஸ்வெட்டர் வாங்க வேண்டும். அரை மணி நேரத்தில் பெட்டியே கட்டி முடித்துவிட்டேன், மனதுக்குள்.

சாயங்காலம் அவருடைய சிலம்புக்காரர் வந்தார். முப்பது வருடக் கூட்டாளி.

"நாம ரெண்டு பேரும் டெல்லி போறோம்" என்றார் என் கணவர் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "சிலம்பு இல்லாம எப்பிடி அடிக்கறது?" என்றார்.

"ஆமாங்க, அதுதான் சரி" என்றேன். சரிதான் அது. இன்றைக்கும் அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

நிகழ்ச்சியை டிவியில் தனியாகத்தான் பார்த்தேன். பெரிய மைதானத்தில் வரிசை வரிசையாகக் கலைஞர்கள். தலைவர் ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். என் கணவர் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பம்பையைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ கேட்டார். பிறகு வாரை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு குச்சியை எடுத்து அடித்தார். சுற்றி நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். கலைகள்தான் இந்த நாட்டின் உயிர் என்கிற மாதிரி பிறகு பேசினார். அதை நான் சரியாகக் கேட்கவில்லை. ஓசூரில் இருக்கும் மகள் போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "அம்மா, அப்பாதாம்மா! அப்பா!"

திரும்பி வந்த அன்று மொரப்பூர் ஸ்டேஷனில் மாலையோடு ஆட்கள் நின்றார்கள். அவர்களில் ஒரு பெரிய வீட்டுக்காரரும் இருந்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "டேய் பம்பை, இங்க வாடா" என்று என் கணவரைக் கூப்பிட்டவர். அன்று அவர் வாயிலிருந்து "வாங்க, வாங்க" என்று வந்தது. கூட்டத்தில் பின்னால் நின்று அதைக் கேட்டேன். அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

அதற்குப் பிறகு கடிதங்கள் நிற்கவில்லை. தலைவர் ஆர்வம் காட்டினார் என்றதும் ஒவ்வொரு மாநிலத்திலும் கலைவிழா, பயிற்சி முகாம், கல்லூரி நிகழ்ச்சி. தபால் பையைப் பிரிக்கும்போதே அவர் பெயர் இருக்கிறதா என்று என் கை தேடும். இருந்தால் மற்றதையெல்லாம் முதலில் பிரிப்பேன். அவர் ஊரில் இல்லாத நாளில் வரும் கடிதங்களைத் தனியாகக் கட்டி வைப்பேன். முதல் வருடமே ஐப்பசி போனது, கார்த்திகை போனது, தையும் போனது.

களி ஒருத்திக்காகக் கிண்ட முடியாது. கொஞ்சமாகக் கிண்டினால் அடிப்பிடிக்கும், சரியாகக் கிண்டினால் மிஞ்சும். களியை விட்டுவிட்டு உப்புமாவுக்கு மாறினேன். மத்தியானம் அஞ்சலகத்தை மூடிய பிறகு சாயங்காலம் வரை வீட்டில் குரலே இருக்காது. தபால் போட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "உங்க வூட்டுக்காரரு இப்ப எந்த ஊர்லங்க?" நானும் சொல்வேன். கௌஹாத்தி. ஜெய்ப்பூர். சொல்லும்போது பெருமையாக இருக்கும், அவர்கள் போன பிறகு இருக்காது.

அந்த மாசியில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கே அவரால் வர முடியவில்லை. சித்தேரிப் பக்கத்திலிருந்து வேறு ஜோடி வந்து அடித்தார்கள். நன்றாகத்தான் அடித்தார்கள். இரண்டு பெண்களுக்குச் சாமி வந்தது. பக்கத்தில் நின்றவள், "என்ன இருந்தாலும் உங்க வூட்டுக்காரரு கை வராதுங்க" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். நான் தேங்காய்கூட உடைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பங்குனியில் மூன்று நாள் வந்தார். சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன்.

"இப்பிடியே போயிட்டிருந்தா நான் என்னங்க பண்றது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ வேணாம்னு சொல்லு. நான் போவல."

அவர் சொன்னால் செய்வார். அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்டேஷனில் கேட்ட அந்த "வாங்க" இன்னும் காதில் இருந்தது. "போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டார். "அப்ப அடுத்த தடவ நீயும் வா. போபாலு. இந்த வாட்டி கூட ரெண்டு பேரு வரலாமாம்."

தங்கையை அஞ்சலகத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். போபாலில் அரங்கத்து வாசலில் ஒரு பெரிய பேனர். தலைவர் பம்பை அடித்த அதே படம். தலைவர் முகம் முழுதாக இருந்தது. ஓரத்தில், பம்பையைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. சுண்டுவிரல் வளைந்த கை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பின்னால் வந்து, "என் கைதான்" என்றார், பெருமையாக.

ஒத்திகையில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் ஏதோ சொன்னார். தமிழ் தெரிந்த ஒரு அம்மா அதை மாற்றிச் சொன்னார்: நான்கே நிமிடம்தான், ஆரம்பத்தில் மெதுவாக வருகிறதே, அது வேண்டாம், நேராக வேகத்துக்குப் போய்விடுங்கள். அந்த மெதுவான இடத்தில்தான் அவர் சாமியைக் கூப்பிடுவார். அவர் தலையாட்டினார். மேடையில் சொன்னபடியே அடித்தார். முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில், "எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு."

"எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. கை மட்டும் அடிக்குது."

"அப்ப ஏங்க போறீங்க?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். "கூப்பிடறாங்களே. ஊர்ல இத்தன வருசம் வாடான்னு வரச் சொன்னாங்க. இங்க வாங்கன்னு கூப்பிடறாங்க."

அவரும் என்னைப் போலத் தனியாகத்தான் இருக்கிறார் என்று அன்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? அங்கிருந்து அவரும் சிலம்புக்காரரும் அடுத்த ஊருக்குப் போனார்கள். என் லீவு முடிந்திருந்தது. நான் மட்டும் ரயிலேறினேன். வண்டி நகரும்வரை அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தண்ணி வச்சிருக்கறியா?" என்று மூன்று முறை கேட்டார்.

அது போன வருடம். இப்போதும் அவர் போகிறார், வருகிறார். நான் சண்டை போடுவதில்லை. அவர் இல்லாத வீட்டுக்கு நான் பழகிக்கொண்டு வருகிறேன் என்பதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

போன வாரம் சொல்லாமல் வந்துவிட்டார். காலையில் முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். தபாலுக்கு யாரோ நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று எரிச்சல். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒம்பதரைக்குத்தாங்க தொறப்போம்" என்று சத்தம் போட்டேன்.

மறுபடி ஒரு தட்டு, மெதுவாக.

"நாந்தாம்மா" என்றார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பையை வாங்கிக்கொண்டேன். அவர் தட்டும் சத்தம்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை.