உள்ளங்கையில் ஒரு துளி தீனி

அல்லிநகரத்தில் இருந்துகொண்டு வீடுகளுக்குச் செடி வைத்த மீன்தொட்டிகள் அமைத்துக் கொடுக்கிறேன். புதுச் செடியை ஒரு வாரமாவது தனி வாளியில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகுதான் தொட்டியில் நட வேண்டும். அன்று நான் அதைச் செய்யவில்லை.

கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வாய்க்காலில் பச்சைப் பசேலென்று கிடந்த நீர்ச்செடியை அள்ளி வந்து, நேரே உத்தமபாளையம் பாத்திமா அக்காவின் தொட்டியில் நட்டுவிட்டேன். தோட்டத்துக்கு அடித்த மருந்தின் வாடை என் கையில் இருந்தது. கழுவினேன், கையை மட்டும்.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால், அத்தனை மீன்களும் செத்து மிதந்தன.

"நேத்து நாந்தான் தீனியக் கூடப் போட்டுட்டேனோ, தம்பி?" அக்காவின் குரல் உடைந்தது.

"ஆமாக்கா, அதான்" என்றேன். யோசிக்கவே இல்லை.

செடியைப் பிடுங்கி எறிந்து, தொட்டியைக் கழுவி, பிறகு புது மீன்களும் விட்டேன்.

இரண்டு வருடமாகிறது. செடி கத்தரிக்கப் போகும்போதெல்லாம் அக்கா உள்ளங்கையை நீட்டுகிறார். அதில் கடுகளவு தீனி.

"இம்புட்டுப் போடலாமாப்பா? கூடிருச்சா?"

"போடலாம்க்கா" என்று மட்டும்தான் இன்னும் சொல்கிறேன்.