சந்தனம் பூசிய பிளக்கு

எங்கள் குடும்பக் கூட்டங்களில் ஒரு செய்தி இன்னும் வழங்கிவருகிறது. நான் வேனுக்குப் பிளக்கு மாற்றியதில் நேர்ந்த குறையினால்தான் என் தாயாரால் தம் ஒரே அண்ணனை உயிரோடு காண முடியாமற்போயிற்று என்பது அது. எதிரே அமர்ந்து கேட்டும் மறுத்துரைக்காமல் இருந்துவிட்டேன். இன்று அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அன்று பிறந்திராதவர்கள். அவர்கள் வாயில் அது வரலாறு ஆவதற்கு முன் நடந்ததை எழுதிவைப்பது கடமையாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் என் அண்ணன் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கினார். ஓட்டுவது அவர், பேணுவது நான். கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த எனக்கு அவ்வேலை உவப்பாகவே இருந்தது. அவ்வாண்டு ஆயுத பூசைக்கு முந்தின நாள் எஞ்சின் ஆயிலை மாற்றி, காற்று வடிகட்டியின் தூசியைத் தட்டி, முன்னிருக்கையைத் தூக்கி அதன் அடியிலிருந்த எஞ்சினில், பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் மூன்று பிளக்குகளையும் புதிதாக இட்டேன். ஒயர்கள் இடம் மாறாதபடி ஒன்றை முடித்த பின்பே அடுத்ததைத் தொட்டேன். பிளக்குக் குழியைச் சுற்றியிருந்த மணலை ஊதிய பிறகே பழையதைக் கழற்றினேன். முனைகளின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்தேன். புதியதை மரை பற்றும்வரை விரலாலேயே திருகி, அதன்பின் ஸ்பேனர் கொடுத்தேன். வண்டி பிசிறின்றி ஓடிற்று.

"பரவால்லலே, வாத்தியாரு கைபட்டு எஞ்சின் வெண்பால்லா பாடுது!" என்று அண்ணன்தான் சொன்னார்.

பூசை நாளில் வேனுக்கு மாலையிட்டுப் பொட்டு வைத்தவரும் அவரே. என் கருவிகள் பூசையறையில் அடுக்கப்பட்டன.

மறுநாள் விடியலில் அடுத்த வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. நாங்குநேரியில் மாமாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, தங்கையைக் கேட்கிறார். கருவிகளை எடுக்கப் பூசையறைக்குள் நுழைந்தேன். "மறுபூசை ஆவலைல்லா, தொடாதலே" என்று அண்ணன் தடுத்தார். வெறுங்கையோடு புறப்பட்டோம். வேனில் இருந்தது அம்மா, அண்ணன், நான் மூவருமே.

கிளம்பும்போதே எஞ்சின் குலுங்கியது. வழியில் மூன்றடைப்பு என்னும் ஊரருகே நின்றேவிட்டது. இருக்கையைத் தூக்கி ஒரு பிளக்கின் ரப்பர் மூடியை உருவினேன். வெண்பீங்கான் தெரியவேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கருகியிருந்தன.

"என்னண்ணே இது?"

"மூடியக் கழத்திப் பொட்டு வச்சேம்லே. சக்கரத்துக்கு மட்டும் வச்சா போதுமா? எஞ்சினுக்கு உசுரே அங்கனதான இருக்கு."

"அந்தப் பீங்கான்ல ஈரம் இருந்தா கரண்டு வெளியவே ஒழுகிப்போயிரும்ணே. உள்ள பொறி விழாது."

"சாமிப் பொட்டு வச்சா வண்டி நிக்கும்னு எந்தப் பொஸ்தகத்துலலே போட்டிருக்கு?"

பீங்கானைத் துடைக்க அம்மா தம் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். அதில் ஒட்டிவந்த சந்தனத்தையும் பார்த்தார்.

"அம்மைய பஸ்ஸுல ஏத்திருவோம்ணே. நான் கூடப் போறேன்," என்றேன்.

"சொந்த வண்டி வச்சுக்கிட்டு எங்கம்மைய நடுரோட்டுல கைகாட்டி நிக்கவிடுவேனா? அங்க நாலு பேரு என்ன கேப்பான்? பேசாம தொடைலே."

"நேரமாவுதுய்யா," என்றார் அம்மா. இருவரையும் பார்த்துத்தான் சொன்னார்.

பேருந்துகள் எங்களைக் கடந்து தெற்கே போய்க்கொண்டிருந்தன. ஸ்பேனர் இல்லாமையால் பிளக்கைக் கழற்றித் துடைக்க வழியில்லை. கொதிக்கும் இடுக்கில் விரலை விட்டுச் சுரண்டினேன். இரண்டு தேறின; மூன்றாவது தேறவில்லை. முக்கி முனகி ஊர் சேர்ந்தோம். தெருமுனையிலேயே அழுகை கேட்டது. வண்டி நிற்குமுன் அம்மா இறங்கி ஓடினார்.

"இப்பதான் மைனி… 'தங்கச்சி வந்துட்டாளா'ன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாவளே!" என்று அத்தை அவரைக் கட்டிக்கொண்டு கதறினார்.

முற்றத்தில் கூடியிருந்தவர்கள் தாமதத்திற்குக் காரணம் கேட்டார்கள். அண்ணன் என் கரிபிடித்த கைகளைச் சுட்டிக்காட்டினார்.

"காலேஜு வாத்தியாரு பிளக்கு மாத்துனாருல்லா. வண்டி வழியில படுத்துட்டு."

அம்மாவின் காதில் அது விழுந்தது. தலையை நிமிர்த்தினார், மீண்டும் தாழ்த்திக்கொண்டார். எங்கள் இருவரைத் தவிரச் சந்தனத்தைக் கண்டவர் அவர் ஒருவர்தாம். ஒரு சொல் போதுமாயிருந்தது. இறக்கும்வரையிலும் அதை அவர் சொல்லவில்லை. மூத்த மகன் சபையில் தாழக்கூடாதென எண்ணினார் போலும். இளையவன் தாழலாம்.

அண்ணன் இன்றும் இருக்கிறார். மேற்சொன்னவற்றுள் பிழை காணின் அவர் திருத்தட்டும், ஏற்பேன். ஆனால் மாமா கடைசிவரை வாசலைப் பார்த்திருந்தார் என்பதை நான் நேரிற் காணவில்லை. துயரத்தில் அத்தை சொல்லக் கேட்டதே. அன்று அவ்வீட்டில் இருந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அது அவ்வாறன்று, அவருக்கு அப்போது நினைவே இல்லை என்று ஒரு வரி எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன்.