அம்மாக்கண்ணுவின் பர்மா பாஷை

அம்மாக்கண்ணுவுக்குப் பர்மா பாஷை தெரியும் என்று சொன்னால் செஞ்சியில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் கையெழுத்துப் போடத் தெரியாதவள். பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்றவள். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறியதில்லை. ஆனால் தெரியும். நாற்பத்தைந்து வயதில், ஊர்ச் சுவரெல்லாம் இந்தி வேண்டாம் என்று கரியால் எழுதிக் கிடந்த வருஷத்தில், யாரும் சொல்லாமல் தானாகவே அந்தப் பாஷையைப் படித்தாள். எதற்குப் படித்தாள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளைப் படிக்க வைத்த கேவலத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

நான் அப்போது வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீடு அம்மாக்கண்ணுவுடையது. என் வீட்டுக்குப் பக்கத்து ஓட்டு வீட்டில்தான் விநாயகம் குடிவந்தான். சின்ன வயதில் பர்மாவுக்குப் போனவன், அறுபத்து நாலில் அங்கிருந்து விரட்டப்பட்ட எல்லோரையும் போலக் கப்பலேறித் திரும்பி வந்துவிட்டான். கூடவே பர்மாக்காரி பெண்டாட்டியையும் அழைத்து வந்திருந்தான். அவள் பெயர் மா கின். கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ அரைத்துப் பூசிக்கொள்வாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டு போவாள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. விநாயகம் திண்டிவனத்தில் அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை சாயந்திரம்தான் வருவான். மற்ற நாளெல்லாம் அவள் தனியாகத்தான் இருந்தாள். நாங்கள் அவளைப் பார்த்துச் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். அவ்வளவுதான் பழக்கம்.

அறுபத்தைந்து ஆவணியில் அம்மாக்கண்ணுவின் பித்தளைத் தவலை காணாமல் போனது. புளி போட்டுத் துலக்கி, தெருக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இட்லி விற்கப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் தவலை இல்லை. அந்த நேரம் பார்த்து மா கின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணுவின் வாய் ஊரறிந்த வாய். ஆரம்பித்துவிட்டால் பஸ் கண்டக்டரே விசில் ஊத மறந்து நிற்பான்.

"ஏண்டி, தவலைய நீதான எடுத்த?"

"அமா…" என்றாள் மா கின்.

"கேட்டீங்களா? வாயாலயே ஆமான்றா பாருங்க! எங்கடி வச்சிருக்கிற?"

"அமா, அமா…" என்று கையை ஆட்டிக்கொண்டே மா கின் இன்னும் என்னென்னவோ சொன்னாள். மற்றது யார் காதிலும் ஏறவில்லை. தெருவே கூடிவிட்டது. "அதான் ஒத்துக்கிட்டாளே, அப்புறம் இன்னா?" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தி நான்தான். அம்மாக்கண்ணு விறுவிறுவென்று அவள் வீட்டுக்குள் புகுந்து பானை சட்டியெல்லாம் உருட்டினாள். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். தவலை கிடைக்கவில்லை. "வித்துட்டா, திருடி" என்று வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். மா கின் தரையில் கொட்டிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய் மெஷினை மிதித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பத்து நாள் கழித்து வல்லம் பஸ்ஸிலிருந்து அம்மாக்கண்ணுவின் தம்பி பெண்டாட்டி இறங்கினாள், இடுப்பில் அதே தவலை. "காது குத்துக்கு வேணும்னு எடுத்துக்கினு போனேன் அண்ணி. நீ கடையில இருந்த. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி, சொல்ல முடியல" என்றாள் சாதாரணமாக.

அம்மாக்கண்ணு அன்றைக்குச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை விநாயகம் வந்ததும் அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, தப்பு நடந்துபோச்சி. தவலை கெடச்சிட்டுது. ஆனா அவதான ஆமான்னு சொன்னா?"

விநாயகம் கத்துகிற ஆள் இல்லை. "அவ ஊரு பாஷையில அமான்னா அக்கா. அக்கா, நான் எடுக்கல அக்கான்னு உன்னாண்ட கெஞ்சியிருக்கா" என்றான்.

அம்மாக்கண்ணு இன்னும் ஒரு அடி கிட்டப் போனாள். "அவகிட்ட நீ சொல்லு தம்பி, நான் தப்பு பண்ணிட்டேன்னு."

"நான் சொல்ல மாட்டேன். திட்டச் சொல்லோ நான் நடுவுல இருந்தனா? நீதான சொன்ன, நீயே போய்ச் சொல்லு. தை பொறந்தா நாங்க மெட்ராஸ் போறோம். வியாசர்பாடியில பர்மாவுலருந்து வந்தவங்க ரொம்ப பேர் இருக்காங்க. இங்க அவளுக்கு ஆரு இருக்குறாங்க?"

கதவு சாத்திக்கொண்டது. தவலைச் சண்டை நடந்த அன்றிலிருந்தே மா கின் எங்கள் கிணற்றுப் பக்கம் வரவில்லை. கோட்டைப் பக்கம் செட்டிகுளம் வரைக்கும் வெயிலில் நடந்துபோய்த் தலையில் தண்ணீர் சுமந்து வந்தாள். எங்களில் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

"கால்ல விழுந்து கையக் கூப்பு, புரிஞ்சிப்பா" என்று நான் யோசனை சொன்னேன்.

அம்மாக்கண்ணு என்னை முறைத்தாள். "கை கூப்பினா எதுக்குக் கூப்புறேன்னு அவளுக்கு எப்டித் தெரியும்? பிச்ச கேக்கறேன்னு நெனச்சிக்குவா. திருடின்னு சொன்னது அவளுக்கு நல்லாப் புரிஞ்சிது இல்ல? திருடி இல்லன்றதும் அதே மாதிரி புரியணும். தைக்கு நாலு மாசத்துக்கு மேல இருக்குது ஜெயமாலாம்மா. படிச்சிடறேன்."

வாத்தியார் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைத்தார். டீக்கடை செல்லப்பன், ரங்கூனில் மூட்டை தூக்கி இருபது வருஷம் இருந்தவர். சம்பளம், காலையில் சூடாக இட்லி, கெட்டிச் சட்னி. அவள் படித்த விதம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது குழிக்கு ஒரு வார்த்தை சொல்லி ஊற்றுவாள். வெந்ததும் அதே வரிசையில் இட்லியை எடுத்து, வார்த்தையையும் எடுப்பாள். ஒரு வார்த்தை மறந்துவிட்டால் அந்த இட்லியை விற்க மாட்டாள், தனியாக வைத்துவிடுவாள். முதல் மாதம் நாய்களுக்கு நல்ல சாப்பாடு.

பாஷையும் சாமானியமானது இல்லை. "சாப்பிட்டாயா" என்று கேட்க "தமின் சா பீபீலா" என்று செல்லப்பன் சொல்லிக் கொடுத்தார். அம்மாக்கண்ணு கரண்டியை வைத்துவிட்டாள். "சோத்தப் பத்திக் கேக்கச் சொல்லோ இந்த வார்த்த எதுக்குய்யா வருது? அதுவும் ரெண்டு தடவ?"

அதற்குப் பிறகு, எதற்காக இவ்வளவு பாடும் படுகிறாளோ அந்த வாக்கியம் வந்தது. "ச்சனோ ம்ஹாடே." நான் தப்பு செய்துவிட்டேன்.

"மாடேவா? தப்பு பண்ணதுக்கு என்னையே மாடுன்னு திட்டிக்கணுமா?"

"மாடு இல்ல, ம்ஹா. மூக்கால காத்து விட்டுட்டு அப்புறம் சொல்லு" என்றார் செல்லப்பன்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவள் மூக்கால் காற்று விட்டுக்கொண்டே திரிந்தாள். ஜலதோஷம் என்று நினைத்து யாரோ கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். தெரு கேலி பண்ணியது. "இந்தி படிச்சாலும் டெல்லியில வேல கெடைக்கும். பர்மா பாஷைய வச்சிக்கினு இன்னா பண்ணப்போற, கப்பல் வுடப் போறியா?" என்றான் கண்டக்டர் பாவாடை. "டிக்கெட்டக் கிழிச்சிக்கினு போடா" என்றாள் அவள். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வந்து உட்கார்ந்து, அன்றைய வார்த்தைகளை ஒப்பிப்பாள். சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம் அதுதான்.

தினமும் காலையில் பர்மாக்காரி வீட்டு வாசலில் நின்று "தமின் சா பீபீலா" என்பாள். தினமும் கதவு சாத்தப்படும். முதல் தடவை சாத்தியபோது அம்மாக்கண்ணுவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பதாவது தடவை, "இன்னிக்கிக் கொஞ்சம் மெதுவாச் சாத்தினா" என்று என்னிடம் வந்து சொன்னாள். விட்டுவிடேன் என்றேன். "நான் அவ அரிசிய கொட்டினவ. சாத்தட்டும்" என்றாள்.

மார்கழிக் கடைசியில் விநாயகம் லீவு போட்டுவிட்டு வந்தான். வாசலில் கோணியும் கயிறும் கிடந்தன. போகியன்று காலை அம்மாக்கண்ணு கடை போடவில்லை. தலைக்குக் குளித்து, நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றாள். நான் ஜன்னலில் நின்றுகொண்டேன். மா கின் கோணியோடு வெளியே வந்தாள், இவளைப் பார்த்ததும் திரும்பினாள்.

"ஞீமா" என்றாள் அம்மாக்கண்ணு. தங்கச்சி என்று அர்த்தம். "ஞீமா தக்கோ மஹோபூ." தங்கச்சி திருடி இல்லை. பிறகு மூக்கால் காற்று விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ச்சனோ ம்ஹாடே!"

மா கின் நின்றாள். முகத்தில் என்னென்னவோ ஓடியது. கடைசியில் வாய் திறந்து ஒரே வார்த்தை சொன்னாள். "ச்சமா."

அம்மாக்கண்ணு விழித்தாள். வாசலுக்கு வந்த விநாயகம் சிரிப்பை அடக்க முடியாமல், "ஆம்பள பேசினாத்தான் ச்சனோ. பொம்பள, நான்னு சொல்றதுக்கு ச்சமான்னு சொல்லணும். உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது, செல்லப்பனா?" என்றான்.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, திருத்திச் சொன்னாள். "ச்சமா ம்ஹாடே."

அப்போதுதான் மா கின் ஆரம்பித்தாள். ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசாதவள். முதலில் மெதுவாக, பிறகு குரல் ஏறி, பிறகு கையில் இருந்த கோணியை வீசி எறிந்துவிட்டு. அம்மாக்கண்ணுவின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, செட்டிகுளம் இருக்கும் திக்கைக் காட்டி, கண்ணீரும் மூக்குமாக அவள் கொட்டினாள். விநாயகம் தடுக்கப் போனான். "நீ சும்மா இரு தம்பி" என்றாள் அம்மாக்கண்ணு. அவள் நடுநடுவே தலையாட்டினாள். மா கின் தரையில் அரிசி பொறுக்குவதுபோல விரலால் காட்டியபோது தலை குனிந்தாள். பிறந்ததிலிருந்து யார் திட்டினாலும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்தவள், அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர் பேசாமல் நின்று முழுசாக வாங்கிக்கொண்டாள். அவள் திட்டு வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கும் அதில் பங்கு உண்டே என்று நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் திட்டு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூச்சு முட்டிப்போய் மா கின் நிறுத்தினாள். முந்தானை இல்லாத அந்த உடுப்பின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் குடத்தை எடுத்து வந்து, எங்களைத் தாண்டி நடந்தாள். செட்டிகுளத்துக்கு இல்லை, எங்கள் கிணற்றுக்கு. அம்மாக்கண்ணு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். கயிற்றை அவள் கையிலிருந்து மா கின் பிடுங்கவில்லை.

கோணியும் கயிறும் இன்னும் நாலு நாள் வாசலில் கிடந்தன. பிறகு விநாயகம் அவற்றைச் சுருட்டிப் பரண் மேல் போட்டான்.

போகிக்கு மறுநாள் பொங்கல். பஸ்கூடக் குறைவு. ஆனாலும் அம்மாக்கண்ணு டீக்கடைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டுதான் போனாள்.

"எல்லாம் புரிஞ்சிதுய்யா. மூணு வார்த்ததான் புரியல. மனசுல வச்சிக்கினு வந்திருக்கேன், சொல்லு" என்று அந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, சுத்தமாக, உரக்கச் சொன்னாள்.

செல்லப்பனின் கையிலிருந்த டீ கிளாஸ் நின்றது. இருபது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன் காது வரைக்கும் சிவந்துபோனார். "அதெல்லாம் பொம்பளைங்ககிட்ட அர்த்தம் சொல்ற வார்த்த இல்ல அம்மாக்கண்ணு. நீ போ."

அம்மாக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்டின்னா பாக்கி வக்காமத்தான் திட்டிருக்கா" என்றாள்.