நித்திரையாகிய நரம்பு

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருடங்களில் கோட்டையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எனக்கு வேலை. தமிழில் வரும் மனுக்களை இங்கிலீஷில் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

அக்காவும் நானும் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவள் பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள். இங்கிலீஷ் தெரியாது. அவளுடைய மேல் முன்பல் ஒன்று சூத்தை விழுந்து, பத்து நாள் அவளைக் கண் மூட விடவில்லை. கராம்பும் உப்புத் தண்ணீரும் தோற்றுப்போன பிறகு கொள்ளுப்பிட்டியில் ஒரு பறங்கிப் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பல்லைப் பிடுங்கிவிடுவாரோ என்பதுதான் அவளுடைய பயம். முன்பல் இல்லாமல் 'த'வையும் 'ந'வையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பஸ்ஸில் இரண்டு முறை கேட்டாள்.

டொக்டர் பிடுங்கவில்லை. பல்லின் வேருக்குள் மயிரிழை போல ஒரு வழி இருக்கிறதாம். அதற்குள் கிடக்கும் நரம்புதான் வலிக்கிறது. இன்றைக்கு மருந்து வைத்து அதைக் கொல்வார், சனிக்கிழமை வந்தால் செத்ததை இழுத்தெடுத்து, வழியைத் துப்புரவாக்கி அடைத்துவிடுவார், பல் நிலைக்கும். இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவளுக்குச் சொல்லும்படி என்னைப் பார்த்தார்.

பிடுங்கப் போகிறாரோ என்று அக்கா கதிரையிலிருந்து என்னைக் கேட்டாள். கொல்வது, சாவது என்றெல்லாம் அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மருந்து வைச்சா நரம்பு நித்திரையாப் போயிடுமாம், அக்கா. சனிக்கிழமை திரும்ப வரட்டாம்," என்றேன்.

அன்று பின்னேரமே வலி நின்றுவிட்டது. சனிக்கிழமை காலையில் வெளிக்கிடச் சொன்னபோது அவள் அசையவில்லை.

"நித்திரையாக் கிடக்கிறதை ஏன் போய் எழுப்புவான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் சொல்லை நானே பிழை என்று ஒப்புக்கொள்ள வெட்கம்; லீவு நாளில் அலையத் தேவையில்லை என்ற சந்தோஷமும்தான். விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் அவளுடைய முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிப்போயிற்று. டொக்டர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. பல்லைச் சுற்றின முரசுச் சதையைக் கீறிச் சீழை எடுத்தார். அந்தப் பல்லும் போயிற்று, பக்கத்துப் பல்லும் போயிற்று. கட்டின பல் அவளுக்கு ஒத்துவரவில்லை. வகுப்பில் அவள் 'தம்பி' என்றால் காற்றுத்தான் வந்தது. பிள்ளைகளும் அதே மாதிரியே திருப்பிச் சொன்னார்கள். அடுத்த தவணையில் அவளைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். வீட்டில் என்னைத் தம்பி என்பதையும் விட்டுவிட்டு, 'இஞ்ச பார்' என்று கூப்பிடத் தொடங்கினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு டொக்டர் நித்திரை எண்டு சொல்லேல்லை, அக்கா. செத்துப்போம் எண்டுதான் சொன்னவர்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அதை அப்பவே சொல்லியிருந்தா சனிக்கிழமை விடியவே நான் டொக்டரிட்ட ஓடிப் போயிருப்பனே," என்றாள். "செத்ததை ஆரும் வீட்டுக்குள்ள வைச்சிருப்பினமோ?"