பாதி விலை நோட்டு

பள்ளிக்கூடம் திறந்த வாரம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒருவர் சாக்கு விரித்து நோட்டு விற்றார். கடைவிலையில் பாதி. குடையைச் சட்டைக் காலருக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்.

பாதி விலை என்றாலே எனக்கு உறுத்தும். ஒரு நோட்டை எடுத்து அங்கேயே தாளை எண்ணினேன். சரியாக இருந்தது. அது இன்னும் உறுத்தியது.

யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான். "பிள்ளை எத்தனாங்கிளாஸ்?"

எனக்கு முன்னால் நின்றவர் எட்டு என்றார். "அப்ப வேண்டாம், கடையில வாங்குங்க" என்று நோட்டுக்காரர் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வந்த ஆளைத் துரத்துகிற வியாபாரி உண்டா? பெரிய வகுப்பைக் காரணம் காட்டி, வேண்டியவர்களுக்கு ஒதுக்கிவைக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

"உங்க பிள்ளை எத்தனாங்கிளாஸ் தாயி?"

"ரெண்டு அண்ணாச்சி." என் மகள் படித்தது ஆறாம் வகுப்பு.

"சரி, பென்சிலுக்குத் தாங்கும்" என்று ஆறு நோட்டைக் கட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை மகள் மைப்பேனாவால் பெயர் எழுதினாள். மை ஊறி, எழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சியாக வீங்கி, மூன்று தாள் கீழே இறங்கியது. அப்போதுதான் அவர் கேள்வி எனக்கு விளங்கியது.

மறுவாரம் மகளோடு அந்தப் பக்கம் போனபோது அவர் கண்ணில் பட்டுவிட்டேன். மகளின் விரலில் இருந்த மையையே பார்த்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

"சின்னவ எப்படி எழுதுதா தாயி?"

"நல்லா எழுதுதா அண்ணாச்சி."

"மூணாங்கிளாஸ் போகையில வாங்க. எடுத்து வைக்குதேன்."

தெரிந்துதான் கேட்டாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு ஒரே மகள்.