குஷன் கவரில் செங்கேணி

மலர்க்கொடியின் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது ஜெராக்ஸா?" என்றுதான்.

படத்தின் கீழே ஓரத்தில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருக்கும். முப்பதில் ஏழாவது. லினோ என்கிற தடித்த விரிப்பில் உளியால் செதுக்கி, ரோலரில் மை தடவி, மேலே காகிதத்தைப் போட்டுக் கரண்டியின் முதுகால் ஒரு மணி நேரம் தேய்த்து எடுக்கிற படம் அது. அச்சு இயந்திரம் வாங்க வசதியில்லாததால் கரண்டி. முப்பது எடுத்ததும் அந்தச் செதுக்கலில் மேற்கொண்டு எடுப்பதில்லை. இதையெல்லாம் அவள் பொறுமையாகச் சொல்வாள். கேட்டவர் தலையாட்டிவிட்டு, "அப்போ ஒரிஜினல் எங்க இருக்கு?" என்பார்.

"எல்லாமே ஒரிஜினல்தாங்க."

அவர் புன்னகைத்துக்கொண்டே பக்கத்தில் சுடுமண் கம்மல் விற்கிற கடைக்கு நகர்ந்துவிடுவார்.

உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்குக் கீழே இருக்கிற காலனி அவளுடையது. அப்பனும் அம்மாவும் கழனி வேலைக்குப் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் பேப்பரில் வந்த அறிவிப்பைப் பார்த்துத் தானே விண்ணப்பம் போட்டுச் சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தாள். ஐந்து வருஷம் ஹாஸ்டல். கூடப் படித்தவர்கள் விளம்பரக் கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் போனார்கள். அவளும் இரண்டு இடத்தில் இருந்து பார்த்தாள். அப்பன் இறந்ததும் ஊருக்கு வந்தவள் வந்தவள்தான். செங்கல் சூளைக்கு டிராக்டர் ஓட்டுகிற வேதகிரியைக் கட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து. ஒரே மகள் நிஷா ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

சர்க்கார் நடத்துகிற கண்காட்சியில் கடை போட கைவினைஞர் அட்டை வேண்டும். அதற்காகக் காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, பட்டியலை எடுத்துப் பார்த்தார். பட்டு இருந்தது, கல் சிற்பம் இருந்தது, பாய், பானை, மரப்பொம்மை எல்லாம் இருந்தன. லினோ இல்லை.

"பரம்பரையா என்னம்மா செய்யறீங்க?" என்று கேட்டார்.

"கூலி வேலை சார்."

"அது இதுல வராதே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆகவே தனியார் நடத்துகிற சந்தைகள்தான். விடியற்காலைப் பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். படங்களைச் சுருட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்ட தண்ணீர்க் குழாய்க்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொள்வாள். ரயிலில் அவளைப் பிளம்பர் வேலைக்குப் போகிறவள் என்று நினைத்து ஒருத்தர் போன் நம்பர் கேட்டதுண்டு.

சென்னையில் வருஷத்துக்கு இரண்டு முறை சந்தை நடத்துகிற சுதா என்ற அம்மாள்தான் அவளுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்தாள். வாடகையிலும் பாதி தள்ளுபடி. அதற்குப் பதிலாக மலர்க்கொடி வாசலருகே உட்கார்ந்து, யானை, மாங்காய், கிளி என்று சின்னச் சின்ன அச்சுகளை வைத்துக்கொண்டு, வருகிற குழந்தைகளுக்குத் துணிப்பையில் குத்திக் காட்ட வேண்டும். குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். அவள் படங்கள் பின்னால் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கும். பெற்றோர்கள் குழந்தையைப் படம் எடுக்கும்போது அவையும் கொஞ்சம் தெரியும்.

"சாமி படம் இருக்கா?" என்பார்கள். "உத்திரமேரூரா? அந்தக் கல்வெட்டு கோயில் போட்டிருக்கீங்களா?" என்பார்கள். அவள் போட்டிருந்ததெல்லாம் சூளையில் செங்கல் அறுக்கிறவர்கள், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள், தண்ணீர் வற்றிய ஏரியில் மாடு. "நல்லாத்தான் இருக்கு. ஹால்ல மாட்ட முடியாதே" என்று ஒரு பெண்மணி சொன்னாள். அதில் தப்பு சொல்ல மலர்க்கொடிக்கு எதுவும் தோன்றவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் சொர்ணவாரி நெல் பட்டத்தில், நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த தன் அம்மா செங்கேணியை வரப்பிலிருந்து பார்த்து ஒரு படம் வரைந்துகொண்டாள். குனிந்திருந்தவள் யாரோ கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்க்கிறாள். கையில் நாற்றுக்கட்டு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அதை லினோவில் செதுக்க இரண்டரை மாதம் ஆனது. முகத்தில் மட்டும் ஒரு மாதம். முடிகிற நேரத்தில் உளி வழுக்கி இடது காதின் குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டது. அழிக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டாள்.

"பல்லில்லாத வாய எதுக்குடி போட்டுக்கினு கீற? வாய மூடிக்கினு கீறாப்பல போடு" என்றாள் செங்கேணி.

"நீ எப்பம்மா வாய மூடிக்கினு இருந்த?"

அந்தப் படம் விற்றது. இரண்டு வருஷத்தில் பதினொன்று போனது. அதற்கு முன் அவளுடைய எந்தப் படமும் நாலைத் தாண்டியதில்லை. ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் மாட்டப் போவதாகச் சொன்னார். ஒரு பையன் ஒரே நேரத்தில் இரண்டு வாங்கினான். நிறையப் பேர் வாங்காமல் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவளும் தடுக்கவில்லை, பார்க்கட்டும் என்றுதான் நினைத்தாள். அந்த இரண்டு வருஷம், இனிமேல் இப்படியே போகும் என்று அவள் நம்பினாள். வேதகிரியிடம்கூடச் சொன்னாள்.

இந்த ஜனவரிச் சந்தையில், இரண்டாம் நாள் காலையில், டீ வாங்கப் போகிற வழியில் ஏழாவது கடையில் அவள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

கடுகு மஞ்சளில் ஒரு செங்கேணி, நீலத்தில் ஒரு செங்கேணி, பச்சையில் இரண்டு. குஷன் கவர்கள். அடுக்கி வைத்ததில் மேலே இருந்தது மட்டும் முழுதாகத் தெரிந்தது. கீழே இருந்தவற்றில் நெற்றியும் நாற்றுக்கட்டும் விளிம்பில் எட்டிப் பார்த்தன. அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். காதின் குறுக்கே கீறல் இருந்தது. பல்லை மட்டும் யாரோ சேர்த்திருந்தார்கள்.

கடைக்காரர் ஸ்ரீகாந்துக்கு முப்பது வயது இருக்கும். "சொல்லுங்கம்மா. மெஷின் வாஷ் பண்ணலாம்" என்றார்.

"இது என் படங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் அவர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு வந்து கொடியில் தொங்கிய படத்தைக் காட்டினாள். காதைக் காட்டினாள். உளி வழுக்கியதைச் சொன்னாள். ஸ்ரீகாந்த் குனிந்து நிதானமாகப் பார்த்தார். அவ்வளவு நேரம் நின்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

"ஆமா. இதேதான்" என்றார். பிறகு போனை எடுத்துக் காட்டினார். வடக்கே இருக்கிற யாரோ ஒரு சப்ளையரின் கேட்லாக். கிராமத்துப் பெண் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து, பதினாறு நிறத்தில் குஷன் கவர், திரைச்சீலை, மேசைவிரிப்பு. "நான் வாங்கி விக்கிறவன்மா. அவங்களுக்கு யார் குடுத்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. நான் நிறுத்துனா இன்னும் பத்து பேர் விப்பாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

சண்டை போடுகிற ஆளாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மன்னிப்புக் கேட்டு, மஞ்சள் கவர் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் அவள் கடையில் நின்றார்கள். மனைவி அந்தப் படத்தைக் காட்டி, "அங்க குஷன்ல இருக்கே, அதப் பார்த்து வரைஞ்சதா?" என்றாள்.

"இல்லீங்க. இதப் பார்த்துதான் அது."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் சின்னதாகச் சிரித்தார். அவ்வளவுதான். மாலைக்குள் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டார்கள்.

சுதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெஜிஸ்டர் ஏதாவது பண்ணியிருக்கியா மலர்?"

"இல்ல மேடம்."

"கேஸ் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும். யார் மேல போடுவ?" பிறகு சொன்னாள்: "எனக்கு ரெண்டு பேருமே ஸ்டால்காரங்க. நாளைக்கும் நாளன்னிக்கும் அந்த ஒரு படத்த மட்டும் எடுத்து வெச்சிடேன். ஜனங்க கன்ஃப்யூஸ் ஆகறாங்க."

மலர்க்கொடி எழுந்து கிளிப்பைக் கழற்றி, படத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டாள். யாரும் அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை. அவளேதான் கழற்றினாள். பின்னாட்களில் அவளை உறுத்தியது அதுதான். குஷன் கவர்கூட இல்லை. அப்புறம் வரிசையில் நின்ற ஒரு குழந்தைக்கு யானை குத்திக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்து சொன்னபோது வேதகிரி டிராக்டர் சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அட்ரஸ் குடு. நான் போயி கேக்கறேன்."

"யார போயி கேப்ப? அந்த ஆளு நல்ல ஆளுய்யா. மன்னிச்சிக்கோன்னு சொன்னாரு."

"அப்ப எவன்தான் திருடன்?"

"தெரியல."

"இன்னா பேஜாரு இது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சாவியை மாட்டினான்.

கவரைச் செங்கேணியிடம் காட்டும் எண்ணம் மலர்க்கொடிக்கு இல்லை. பையில் அரிசிக்குக் கீழே கிடந்ததை செங்கேணியே எடுத்துவிட்டாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"தா, இது நான் தான? பல்லெல்லாம் கீது. எப்ப போட்ட இத்த?"

"நான் போடலம்மா. வேற யாரோ என் படத்த எடுத்துப் போட்டுட்டாங்க. கேக்காம."

"துணி நல்லாதான் கீது." தடவிப் பார்த்தாள். "எத்தினி போட்டுக்கீறாங்க?"

"தெரியல. ஆயிரக்கணக்குல இருக்கும். வடக்க எல்லாம் விக்கிறாங்க."

செங்கேணி சந்தோஷப்பட்டாள். அதில் சந்தேகமே இல்லை. அறுபத்தெட்டு வயதில் அவள் முகம் அப்படி மலர்ந்து மகள் பார்த்ததில்லை. "அம்மாம் பேரு வூட்ல நான் கீறேனா? நம்மள உள்ள சேக்காதவங்க வூட்லகூடயா?"

"எல்லா வூட்லயும்தாம்மா."

"எங்க வெப்பாங்க இத்த? செவுத்துலயா?"

"சோபால. முதுவுக்கு வெச்சிக்கினு குந்துவாங்க."

செங்கேணி கவரை மடித்தாள். "அப்ப எம்மேல சாஞ்சிக்கினு டிவி பாப்பாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் எந்தக் கழனியில் வேலை என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு கவரை மகளிடம் கொடுத்துவிட்டு, கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டு தடவை மலர்க்கொடி புது லினோவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தடவை பஸ் நிலையத்தில் பூ கட்டுகிறவளைப் பென்சிலால் வரைந்து முடித்தாள். உளியை எடுத்ததும், இந்தப் பூக்காரி எந்த வீட்டுத் திரைச்சீலைக்குப் போவாளோ என்று நினைத்தாள். முகம் வேண்டாம், மாடு போடலாம் என்று மாற்றினாள். மாடும் வரவில்லை.

ஜூனில் வேறொரு பெரிய சந்தைக்கு விண்ணப்பித்தாள். இருந்தவற்றில் அதுதான் நல்ல படம் என்பதால் செங்கேணி படத்தையும் சேர்த்து அனுப்பினாள். பதில் மூன்றே வரி. சந்தையில் பரவலாகக் கிடைக்கிற டிசைன்களை ஒத்திருப்பதால் தேர்வு செய்ய இயலவில்லை. தொடர்ந்து முயற்சி செய்யவும். பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் அதைப் படித்தாள். மறுபடி படிக்கவில்லை.

சுதா ஆகஸ்ட்டுக்குக் கூப்பிட்டாள். படங்களுக்கு இந்தத் தடவை இடமில்லை, யானை, மாங்காய் மட்டும் போதும், நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறேன் என்றாள். மலர்க்கொடி போய்வந்தாள். நான்கு நாளில் அறுநூறு பைகள் குத்தினாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்காமல், அடுத்த தடவை வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

வேதகிரிக்குச் சூளையில் வேலை குறைந்த மாதம் அது. ஷூ கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களோடு போய்ப் பார்த்தாள். முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். ஆகவே செங்கேணியோடு நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்தாள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக் கால்வாயைத் தூர் வாருகிற வேலை. முதல் நாள் அவளைப் பார்த்த பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள், படித்தவள் என்று. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. அவள் உள்ளங்கையில் உளி பிடித்த இடம் ஏற்கெனவே காய்த்திருந்தது. மண்வெட்டிக்குக் காய்க்கிற இடம் வேறு.

வேலை நடக்கிற இடத்தில் பலகை எழுதி நட வேண்டும் என்று மேலிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள். வேலையை மேற்பார்க்கிற ‘மேட்’டாக இருந்த லீலாவதி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மலரு, நீ எய்தேன். நீதான் டிராயிங்லாம் படிச்சிக்கீற" என்றாள்.

மஞ்சள் பெயின்ட்டும் கறுப்பும் வந்தன. மலர்க்கொடி கரையில் குந்திக்கொண்டு எழுதினாள். பணியின் பெயர், ஊராட்சி, ஆண்டு, மதிப்பீடு, ஆட்கள் எண்ணிக்கை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. லீலாவதி தள்ளி நின்று பார்த்து, எழுத்து நேராக இருக்கிறது, அடுத்த பலகையும் நீயே எழுது என்றாள். பிரஷ்ஷைக் கழுவி வைத்தபோது, கணக்குக்காகப் போனில் போட்டோ எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவள் போய்ப் பின்வரிசையில் நின்றாள்.